இரண்டு மணிக்கு மூடிய பட்டியல்

தார் ஸைத்தூன் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் உண்டு. பத்தூல் மஸ்கீனி அங்கே வேலை பார்க்கும் பதினேழு வருடத்தில் அது ஓடிய நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஐம்பத்தாறு வயதில் தினம் நான்கு தடவை அந்தப் படிகளை ஏறி இறங்குகிறவளின் முழங்கால் என்ன பாடுபடும் என்பது கட்டடம் கட்டியவனுக்கும் தெரியாது, லிஃப்டைப் பழுது பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டியவனுக்கும் தெரியாது. இரண்டாவது மாடியில் கொஞ்சம் நிற்பாள். நூலகத்துக்காரர்களிடம் நலம் விசாரிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வாள்.

மேலே அவள் அறை. கதவில் 'வெளிநாட்டுத் தொடர்பு' என்று பெரிய பலகை. உள்ளே ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு கிழட்டுக் கணினி, கூரையை ஒட்டி ஒரு சுவர்க் கடிகாரம். உலகத்தோடு இவர்களுக்குள்ள தொடர்பு அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் ஆண்களுக்கு ஸி, பெண்களுக்கு லல்லா என்று மரியாதை சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். டைரக்டர் ஸி முனீரின் அறை பக்கத்திலேயே இருந்தது. அதில் சோபா உண்டு.

வெளிநாட்டில் ஆறு பல்கலைக்கழகங்களோடு இவர்களுக்கு ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் இங்கிருந்து சில பிள்ளைகள் ஒரு பருவம், அதாவது ஐந்து மாதம், அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம். கட்டணம் கிடையாது. விமான டிக்கெட்டும் மாதச் செலவும் உதவித்தொகையாக வரும். கேட்பதற்கு எளிது. அதற்கு வேண்டிய காகிதங்களின் பட்டியலைப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பார்கள். அப்படி நினைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பத்தூலின் வேலை. மதிப்பெண் பட்டியலுக்கு முத்திரை எங்கே வாங்குவது, நகராட்சியில் எந்த ஜன்னலில் கூட்டம் குறைவு, விசா அலுவலகத்தில் எந்தக் கேள்விக்கு அதிகம் பேசக்கூடாது என்பதெல்லாம் அவள் தலையில் இருந்தது. அம்மா கட்டிக்கொடுக்கும் ஆலிவ் எண்ணெயைக் கைப்பையில் வைக்காதே என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கைப்பையில்தான் வைக்கும்.

இப்படி அவள் அனுப்பிய பிள்ளைகள் நூற்றுப் பதினெட்டுப் பேர். திரும்பி வந்து படியேறி நன்றி சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. பிள்ளைகளுக்கு முழங்கால் நன்றாக இருந்தும் படியேற நேரமிருக்காது.

அவளுக்கென்று ஒரு பெருமை இருந்தது. பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் தரவரிசையில் அவள் கை வைத்ததில்லை. நகராட்சி உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் குழைந்திருக்கிறார். பேராசிரியர் ஒருவர் தன் மைத்துனி மகனுக்காக அந்தச் சோபாவில் வந்து அரை நாள் உட்கார்ந்திருக்கிறார். பெருநாளைக்கு ஒரு பெரிய தட்டு நிறையப் பாதாம் பலகாரம் வந்திருக்கிறது. பலகாரத்தை வாசல் காவலாளிகளுக்கு அனுப்பிவிட்டாள், வரிசை இருந்தபடியே இருந்தது. சிபாரிசு இல்லாமல் சிட்டுக் குருவிகூடப் பறக்காது என்று நம்பும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஊர் நம்பவேண்டுமே. 'மஸ்கீனி அம்மா வாங்குறது வெளிய தெரியாது, அவ்வளவுதான்' என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள்.

ஆறு ஒப்பந்தங்களில் பத்தூலுக்குப் பிடித்தது போர்ச்சுகல்காரர்களுடையது. ஆற்றங்கரையில் ஒரு ஊர். அங்கே இவளைப்போலவே ஒரு அறையில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்க்கும் லூர்தெஸ் என்ற பெண்ணோடு பதினோரு வருடமாகக் கடிதப் போக்குவரத்து. முதல் நாலு வருடம் 'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு' என்று போயிற்று. பிறகு யாருக்கு முழங்கால் அதிகம் வலிக்கிறது என்பதுவரை வந்துவிட்டது. லூர்தெஸ் ஒருமுறை தன் ஜன்னலிலிருந்து ஆற்றைப் படமெடுத்து அனுப்பினாள். பத்தூல் பதிலுக்கு எடுத்து அனுப்ப அவள் ஜன்னலில் வாகன நிறுத்தம்தான் இருந்தது. அதை அனுப்பினாள். லூர்தெஸ் ரொம்பச் சிரித்ததாக எழுதியிருந்தாள்.

அந்த ஒப்பந்தத்தில் ஊழியர்களுக்கும் வருடம் ஒரு இடம் உண்டு. ஐந்து நாள் அங்கே போய் அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவரலாம். பதினோரு வருடத்தில் மூன்று டைரக்டர்கள் போனார்கள். கணக்குப் பிரிவுக்காரர் போனார். நூலகர் ஒருவர் போனார், அவருக்கு லிஸ்பனில் தங்கை இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. ஸி முனீர் மட்டும் நாலு தடவை போய் வந்தார். இந்த வருடம் லூர்தெஸ் கடிதத்திலேயே எழுதிவிட்டாள்: திருமதி பத்தூல் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. ஸி முனீருக்கு வேறு வழியில்லை. மே மாதம் என்று முடிவாகி, பத்தூலுக்குப் பாஸ்போர்ட் வந்து, பயண உத்தரவு தட்டச்சாகிப் பல்கலைக்கழகத் தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அவள் கணவன் லர்பிக்கு ஒரே கிண்டல். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"அங்க போய் என்னத்தத் தின்னுவ? மத்தி மீனாம். அதத்தானே முப்பது வருஷமா இங்க தின்னுக்கிட்டிருக்கோம்!"

"அவங்க மத்தி மீன நான் சாப்பிட்டுப் பாக்குறேன் லர்பி. உனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு என்ன? அஞ்சு நாள் நிம்மதி." சொல்லிவிட்டு, மறுநாளே இத்தாலியிலிருந்து பழைய சாமான் கொண்டுவருகிறவர்களின் சந்தைக்குப் போய், சக்கரம் ஒழுங்காக உருளும் ஒரு பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தான். அதைக் கூடத்தில் மூன்று தடவை உருட்டிக் காட்டினான்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் ரகியா வந்தாள்.

ரகியா ஊபஹா என்று முழுப்பெயர், மலைக்காரி. நிலத்தடி நீர் பற்றிப் படிக்கும் பெண். அப்பாவுக்கு ஆடுகள், ஊருக்கு ஒரே ஊற்று. போர்ச்சுகல்காரர்களிடம் அதற்கென்றே ஒரு நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பேருந்தில் போகவர நாலு மணி நேரம், அதில் கைப்பேசியைப் பார்த்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டவள். அவளுடைய விண்ணப்பக் கடிதத்தைப் பத்தூல் ஐந்து முறை திருத்திக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் "இதுவும் சரியில்லயா சித்தி?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, அடுத்த நாளே புதிதாக எழுதிக்கொண்டு வருவாள். இந்த வருடம் அங்கே இரண்டு இடம். தரவரிசையில் முதலில் ரகியா, அடுத்தது கண் டாக்டரின் மகள் கென்ஸா. ரகியாவுக்கு இது கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் அவள் இறுதியாண்டு, இறுதியாண்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது.

பெயர்களைப் போர்ச்சுகல்காரர்களின் இணையப் பட்டியலில் ஏற்ற வேண்டியது பத்தூல். பெருநாள் முடிந்து வரும் திங்கட்கிழமை, இந்த ஊர் மணிப்படி மதியம் இரண்டுக்குப் பட்டியல் மூடும். கென்ஸாவின் காகிதங்கள் நோன்பு மாதத்திலேயே தயாராகிவிட்டன, ஏற்றியாயிற்று. ரகியாவின் மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்துக்கு முத்திரை விட்டுப்போயிருந்தது. முத்திரை வைக்க வேண்டியவர் பெருநாளுக்கு ஊருக்குப் போனார். எல்லோரையும்போல விடுமுறையோடு இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டார். திங்களன்று காலையில்தான் வந்தார்.

இந்த நாட்டில் யாரிடம் மணி கேட்டாலும் "பழைய மணியா, புது மணியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இனி இதுதான் என்றது. நோன்பு மாதத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் பின்னே இழுப்பார்கள். நோன்பு முடிந்து வரும் ஞாயிறு மறுபடி தள்ளுவார்கள். பாதிப் பேர் எதையும் தொடாமல் பழைய மணியிலேயே வாழ்கிறார்கள், கேட்டால் சூரியன் நம் பக்கம் என்பார்கள். பத்தூலின் சுவர்க் கடிகாரமும் அந்தக் கட்சிதான். அதைத் தொட ஏணி வேண்டும். ஏணி வேண்டுமென்றால் பராமரிப்புப் பிரிவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவள் விண்ணப்பிக்கவில்லை. பதினோரு மாதம் அதில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பாள். நோன்பு மாதத்தில் மட்டும் அது சரியாக இருக்கும். கணினி இதற்கு நேர் எதிர். நோன்பு வந்தது அதற்குத் தெரியாது, மாதம் முழுக்க ஒரு மணி நேரம் முந்தியே காட்டும். அதில் ஒன்றைக் கழித்துப் பார்க்கப் பழகியிருந்தாள்.

முந்தின நாள்தான் மணியை முன்னே தள்ளியிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் சரியான நேரத்துக்குத்தான் வேலைக்கு வந்தாள். லர்பி எழுப்பிவிட்டான். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் உடம்பு நோன்பு மாதத்துப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. பெருநாள் வேலையில் நாலு நாளாக முதுகு நிமிரவில்லை. வீட்டில் பதினாறு பேர் வந்து போயிருந்தார்கள். ரகியாவின் மதிப்பெண் பட்டியல் முத்திரையோடு வந்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரையை நெருங்கியிருந்தது. கணினியின் மூலையைப் பார்த்தாள். ஒன்றரை. ஒன்றைக் கழித்தாள். இரண்டும் ஒத்துப்போயின. அந்த நேரத்தில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கும் கேட்டது, நோன்பு மாதம் முழுக்கக் கடிகாரத்தின் எந்த இடத்தில் கேட்டதோ அதே இடத்தில். சூரியன், பள்ளிவாசல், சுவர் மூன்றும் ஒரே பேச்சில் நிற்கும்போது மனிதர் எதைச் சந்தேகப்படுவது?

தொழுதாள். பெருநாளில் மிச்சமிருந்த ரொட்டியைப் புதினா டீயில் தொட்டுச் சாப்பிட்டாள். ஐந்து நிமிடம் கண்ணை மூடினாள். சுவரில் ஒன்றே கால் ஆனபோது நிதானமாக உட்கார்ந்து ரகியாவின் பெயரை ஏற்றப் போனாள். பட்டியல் மூடியிருந்தது. மூடிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இணையம் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தாள். பைக்குள் கிடந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வாய்விட்டு அழத் தோன்றியது, அழுகை வரவில்லை. பதினேழு வருடத்தில் எத்தனையோ பேருக்காக ஓடியவள், இந்த ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்த இடத்தில் குழி தோண்டிவிட்டாள்.

ஸி முனீர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர், எதுவும் அவர் மேல் படாதவரை.

"லல்லா பத்தூல், இதுக்கா இப்படி நடுங்குறீங்க? கரண்டு போச்சுன்னு எழுதுங்க. நம்ம ஊர்ல கரண்டு போனத எவன் சந்தேகப்படப் போறான்?"

"போகலயே ஸி முனீர்."

"போயிருக்கலாம்ல?"

பத்தூல் லூர்தெஸுக்கு எழுதினாள், காரணம் எதுவும் சொல்லாமல், தாமதமான பெயரைச் சேர்க்க வழி உண்டா என்று மட்டும் கேட்டாள். பதில் மறுநாள் காலை வந்தது. தோழியின் பதில் இல்லை, விதிகளின் பதில். மின்தடை, வெள்ளம் போன்றவை என்றால் மின்வாரியமோ அரசாங்கமோ தரும் சான்றிதழ் வேண்டும். ஊழியரின் தவறு என்றால் அந்த ஊழியர் கையெழுத்திட்டு நடந்ததை எழுதித் தர வேண்டும், அதில் பல்கலைக்கழகத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அப்படி வந்தால் குழு பரிசீலிக்கும். கடைசியில் ஒரு வரி மட்டும் லூர்தெஸுடையது: உடம்பு நன்றாக இருக்கிறதா?

"நம்மள எவ்வளவு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கானுங்க பாத்தீங்களா?" என்றார் ஸி முனீர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதிக் குடுத்தீங்கன்னா தலைவர் சும்மா கையெழுத்துப் போட மாட்டாரு. கூடவே உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். அது உங்க கோப்புல ஏறுச்சுன்னா இந்த வருஷம் பயண உத்தரவு கிடையாது. அடுத்த வருஷம் ஒப்பந்தமே முடியுது. யோசிச்சுக்கோங்க. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அவளுக்கு வாழ்க்கை கிடக்கு."

அந்த வார்த்தையைப் பத்தூல் அன்று முழுவதும் யோசித்தாள். அவளுக்கு வாழ்க்கை கிடக்கிறது என்பது உண்மைதான். தனக்கு எவ்வளவு கிடக்கிறது என்றும் கணக்குப் போட்டாள். ஆறு மாதம் கழித்து ரகியா எல்லாவற்றையும் மறந்துவிடக்கூடும். தான் ஆற்றங்கரையில் ஐந்து நாள் இருந்ததைச் சாகும்வரை மறக்க மாட்டாள். இப்படி ஒரு கணக்குத் தனக்குள் ஓடுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே போட்டாள்.

அன்று பின்மதியம் ரகியா வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு, "சித்தி, பேரு ஏறிடுச்சா?" என்றாள்.

பத்தூல் உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சுவர்க் கடிகாரம், கணினி, பாங்கு, ரொட்டி, எல்லாவற்றையும்.

ரகியா தலையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். "கென்ஸா பேரு?" என்றாள்.

"அது போன மாசமே ஏறிடுச்சும்மா."

"அதுக்குக் கடிகாரம் சரியா ஓடுச்சா?"

"அவ காகிதம் முந்தியே வந்துடுச்சு. உன்னுதுல முத்திரை..."

"எவ்வளவு வாங்கினீங்க மேடம்?"

சித்தி என்று கூப்பிட்ட வாய் அது. நாலு மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் டீயைப் பங்கு போட்ட பெண்.

"ரகியா, என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியுது. கண் டாக்டர் பொண்ணுக்கு முத்திரை தானா வந்து விழும். ஆட்டுக்காரன் பொண்ணுக்குக் கடிகாரம் நிக்கும். எங்கப்பாகிட்ட இத எப்படிச் சொல்றது? சுவத்துல மணி தப்புன்னா? அவரே சிரிப்பாரு." அவள் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழ விடவில்லை. "பொய் சொல்றதுன்னு ஆச்சு, கொஞ்சம் நல்ல பொய்யாச் சொல்லியிருக்கலாம் மேடம்."

உண்மை சில நேரம் அவ்வளவு மட்டமாக இருந்துவிடுகிறது. ஒரு பாங்கு, ஒரு ரொட்டித் துண்டு, ஏணி கேட்காத ஒரு சோம்பல். கரண்டு போனது என்றால்கூட அந்தப் பெண் நம்பியிருப்பாள் என்று பத்தூலுக்குத் தோன்றியது.

மறுநாளே பேச்சு வெளியே பரவிவிட்டது. மாணவர்களின் முகநூல் பக்கத்தில் யாரோ எழுதினார்கள்: 'டாக்டர் மகளுக்கு இடம், மலைக்காரிக்கு மணி.' கீழே இருநூறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ரகியாவின் அண்ணன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல், "நாங்க மலையிலேருந்து எறங்கி வந்தா நல்லா இருக்காது" என்றான். நூலகத்துக்காரர்கள் இரண்டாவது மாடியில் நலம் விசாரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

லர்பியிடம் சொன்னாள். அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கிண்டல் எதுவும் வரவில்லை.

"எழுதலேன்னா என்ன ஆகும்?"

"ஒன்னும் ஆகாது. நான் மே மாசம் போவேன். அவ போக மாட்டா."

"எழுதுனா?"

"அவ போகலாம். நான் போக மாட்டேன்."

"அவ உன்னத் திருடின்னு சொன்னாளே, அவளுக்கா?"

"திருடின்னு சொன்னதால மணி பழைய எடத்துக்குப் போயிடுமா லர்பி? தப்பு என்னுதுதானே."

லர்பி வெகுநேரம் டீயை ஆற்றினான். "பதினேழு வருஷம் படியேறுன ஆளுக்கு ஒரு தப்பு பண்ண உரிமை இல்லயா என்ன?" என்று கேட்டான், யாரிடமென்று இல்லாமல். உரிமை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். களைப்பாக இருந்தது. பெரிய மனசு பண்ணுகிறோம் என்ற எண்ணமெல்லாம் அவளுக்குக் கிடையாது. எழுதாமல் இருந்தால், இனி வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் எண்ணெயைக் கைப்பையில் வைக்காதே என்று சொல்லும்போது ரகியாவின் முகம் வந்து நிற்கும். அந்தச் சுமையோடு அவளால் படியேற முடியாது. அவ்வளவுதான் அவள் யோசித்தது.

வியாழக்கிழமை காலை எழுதினாள். ஒரே பக்கம். பத்தூல் மஸ்கீனி ஆகிய நான், நோன்பு மாதத்துப் பழக்கத்தால் அலுவலகச் சுவர்க் கடிகாரத்தை நம்பி, மாணவி ரகியா ஊபஹாவின் பெயரைப் பதினைந்து நிமிடம் தாமதமாக ஏற்றச் சென்றேன். மாணவியிடம் எந்தத் தவறும் இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. பிள்ளைகளின் கடிதங்களை ஐந்து முறை திருத்துகிறவள், இதைத் திருத்தவே இல்லை.

ஸி முனீர் படித்துவிட்டு, "கடிகாரத்தையாவது விட்டுடலாமே? வெளிநாட்டுக்காரன் படிச்சா என்ன நெனைப்பான்?" என்றார்.

"மணி தப்புன்னு நெனைப்பான்."

தலைவர் அவளை நிற்க வைத்தே பேசினார். பல்கலைக்கழகத்தின் கௌரவம் என்று நாலு தடவை சொன்னார். இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார், முதலில் எச்சரிக்கைக் கடிதத்தில். அதுவரை வெறுமையாக இருந்த அவள் கோப்பில் அது போய் உட்கார்ந்தது. பயண உத்தரவு கையெழுத்தாகாமல் திரும்பி வந்தது. வாக்குமூலம் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் உத்தரவு.

மே மாதம் ஸி முனீர் போனார். ஐந்தாவது தடவை. இடத்தை வீணாக்கக் கூடாது பாருங்கள் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். லூர்தெஸ் அவரிடம் ஒரு சிறிய பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள், முழங்காலுக்குத் தடவும் தைலம். பத்தூல் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அந்த வருடத்தில் அவள் அழுதது அப்போதுதான்.

ரகியாவின் இடம் ஜூன் முதல் வாரம் உறுதியானது. குழு மூன்று முறை கூடியதாம்.

அனுமதிக் கடிதத்தை வாங்க அவள் வந்தபோது வெளியே வரிசை நின்றது, விசாக் காகிதக் காலம். ரகியா உட்காரவில்லை. புதிய தலைத்துணி கட்டியிருந்தாள். பத்தூல் கடிதத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினாள்.

"தேதியப் பாத்துக்கோ. செப்டம்பர் ஒன்பதுக்குள்ள அங்க இருக்கணும்."

"எந்த மணிக்கு மேடம்? பழசா, புதுசா?"

பத்தூல் நிமிர்ந்து பார்த்தாள். பெண்ணின் உதட்டில் வெற்றி இருந்தது, சின்னதாக. அதைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை. மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வாக்குமூலத்தின் நகல் இருந்தது, எச்சரிக்கைக் கடிதத்தின் நகலும். கையை நீட்டினால் எடுத்துக் காட்டிவிடலாம். கை இழுப்பறைவரை போயிற்று. இருபத்தோரு வயதுப் பெண்ணிடம் நான் யோக்கியமானவள் என்று காகிதம் காட்டி ஒப்புதல் வாங்குவதா? இனிமேலா? கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"அங்க செப்டம்பர்லயே மழை வரும்" என்றாள். "கம்பளிச் சட்டை எடுத்துட்டுப் போ. அம்மா எண்ணெய் குடுத்தா பெரிய பெட்டியில வை, கைப்பையில வைக்காத."

ரகியா தலையசைத்தாள். கடிதத்தைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வெளியேறினாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. படியை அடையும் முன்பே கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். மலைப் பிள்ளைகள் தொலைபேசியில் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

"கெடச்சுடுச்சுண்ணே! நீ அன்னைக்கு ஒரு சத்தம் போட்டியே, அதுலயே பொம்பள பயந்துட்டா. வாங்கினத எங்க திருப்பிக் குடுத்தாளோ. இவங்கள மெரட்டினாத்தாண்ணே வேலை நடக்கும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பத்தூலும் கேட்டாள், கடைசி வார்த்தை படியில் இறங்கி மறையும்வரை. பிறகு வரிசையில் அடுத்து நின்ற பிள்ளையை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.